பொல்லாத வெயிலில் ஒரு நீர்வீழ்ச்சி

பருத்தித்துறைப் பிள்ளைகளுக்கு நீர்வீழ்ச்சி எண்டால் முதலில் அது ஒரு கலண்டர். சலூன் சுவரில் தொங்கும், வருசம் முடிஞ்சாலும் கழட்ட மாட்டினம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா கலியாணத்துக்கு முன்னம் ஸ்டூடியோவில் எடுத்த படத்தில், அவவுக்குப் பின்னால ஒரு முழு நீர்வீழ்ச்சி கொட்டுது. துணியில் வரைஞ்சது. அம்மம்மா கடைசி வரைக்கும் உண்மையான நீர்வீழ்ச்சி ஒண்டைக் கண்டதில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒண்டும் இல்லை. எங்கட குடாநாடு சுண்ணாம்புக்கல். பெய்யிற மழை கல்லுக்குள்ள இறங்கி நிலத்தடிக்குப் போயிடும். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தத் தண்ணிதான். ஆறு எண்டு பேர் சொல்ல வழுக்கையாறு ஒண்டு இருக்கு, அதுவும் மாரியில் மட்டும். மேலே இருந்து தண்ணி விழுறதைப் பார்க்க வேணும் எண்டால் நாங்கள் பஸ் ஏறி ஒரு இரவு முழுக்கப் போகவேணும்.

போனோம். வந்தோம். நானூறுக்குக் கிட்டப் படங்கள். வந்த மூன்றாம் நாள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படங்களை வைச்சு ஒரு பெரிய சண்டை. இந்தக் கட்டுரை அந்தச் சண்டையில் மிஞ்சினது. நாங்கள் சொல்ல வாறது இதுதான்: நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்க எண்டு இணையத்தில் எல்லாரும் சொல்லித்தாற பாடம் ஒண்டு இருக்கு. அந்தப் பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு மலையகத்துக்குப் போனால் படம் வடிவாய் வரும், ஆனால் பொய்யாய் வரும்.

பாடம் என்னெண்டால்: விடியப்புறம் போ, இல்லாட்டிப் பொழுதுபடப் போ. வெயில் இருக்கக்கூடாது. முகில் மூடின நாள் நல்லது. ட்ரைபொட் வை. ஷட்டரை அரைச் செக்கன், ஒரு செக்கன் எண்டு திறந்து வை. தண்ணி பட்டுத்துணி மாதிரி வரும். சரிதான். நாங்களும் வீடியோக்களைப் பார்த்து இதைப் பாடமாக்கிக்கொண்டுதான் போனோம்.

ஆனால் தலவாக்கலைக்குக் கிட்ட, அட்டன் வீதியில், சென்கிளயர் நீர்வீழ்ச்சிக்கு எதிரே எங்கட பஸ் நிண்டபோது நேரம் பதினொண்டரை. வானத்தில் ஒரு முகில் இல்லை. மலைநாடு எண்டால் எப்பவும் பனியும் தூறலும் எண்டு நினைச்சு ஸ்வெட்டரோட போன எங்களுக்கு, பருத்தித்துறைத் துறைமுகத்தில் நிக்கிற மாதிரி வெயில். பள்ளத்தாக்குக்கு அங்கால வெள்ளை வெளேரெண்டு தண்ணி. அதுக்குப் பக்கத்தில் ஈரமான கறுப்புப் பாறை. சுத்திவரக் கடும்பச்சைத் தேயிலை.

இப்படியான இடத்தில் கமரா திணறும். ஏனெண்டு விளங்கிக்கொள்ளுறது நல்லது. எங்கட கண் வெள்ளை நுரையையும் கறுப்புப் பாறையின் வெடிப்பையும் மாறி மாறிப் பார்த்து இரண்டையும் பிடிச்சுக்கொள்ளும். கமராவுக்கு அது ஏலாது. அது படத்தின் பெரும்பகுதியைப் பார்த்து ஒரு சராசரி எடுக்கும். பெரும்பகுதி இருண்ட பச்சையும் பாறையும் எண்டபடியால், "இது இருட்டு" எண்டு முடிவெடுத்து வெளிச்சத்தைக் கூட்டி விடும். பாறை வடிவாய்த் தெரியும். தண்ணி வெறும் வெள்ளைப் பூச்சாய்ப் போயிடும். அந்த வெள்ளைக்குள்ள ஒரு தகவலும் இல்லை. பிறகு எந்த மென்பொருளில் போட்டு உருட்டினாலும் இல்லாத நுரை திரும்பி வராது. இருட்டாய் விழுந்த பாறையை, ரோ ஃபைலில் எடுத்திருந்தால், ஓரளவுக்கு மீட்கலாம். அதனால்தான் கடும் வெயிலில் வெள்ளைத் தண்ணிக்கு அளந்து, கமரா சொல்லுறதை விட ஒரு படி, ஒண்டேகால் படி குறைச்சு எடுக்கவேணும். ஃபோனில் எண்டால் தண்ணியில் விரலை வைச்சு, வாற சூரியக் குறியைக் கீழே இழுத்தால் சரி.

இதை நாங்கள் அங்க நிண்டபோது அறியேல்லை. முதல் ஐம்பது அறுபது படத்தில் தண்ணிக்குப் பதிலாய் ஒரு வெள்ளைக் கோடுதான் இருக்கு. ஃபோன்காரருக்கு வேற பிரச்சினை. ஃபோன் தானாகவே எச்டிஆர் போடும்; அதாவது ஒண்டுக்கு மேற்பட்ட படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒண்டாக்கும். மலை அசையாது, தண்ணி அசையும். ஒட்டின இடங்களில் நுரை இரண்டு மூண்டாய்ப் பேய் மாதிரி நிக்குது.

எங்களில் ஒருவன் பட்டுத்தண்ணி ஆசையை விடேல்லை. அவனிட்ட இருந்தது இரண்டாம் கையாய் வாங்கின கனன் கமரா, அதோட வந்த லென்ஸ், ஒரு சின்ன ட்ரைபொட். கணக்கைப் பாருங்கோ: உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 16 எண்டு வைச்சால் ஷட்டர் 1/100 செக்கனுக்குக் கிட்டத்தான் வரும். எஃப் 22 வரைக்கும் ஒடுக்கினாலும் 1/50. அரைச் செக்கன் வேணும் எண்டால் ஏறக்குறைய 25 மடங்கு வெளிச்சத்தை மறிக்கிற என்டி ஃபில்டர் வேணும். ஃபில்டருக்கு எங்க போறது? பெடியன் தன்ர கறுப்புக் கண்ணாடியைக் கழட்டி லென்சுக்கு முன்னால பிடிச்சான். சிரிக்காதேங்கோ, ஓரளவுக்கு வேலை செய்தது. படம் முழுக்கப் பச்சை அடிச்சது, ஆனால் தண்ணி கொஞ்சம் இழைஞ்சு வந்தது. அதைத்தான் அவன் நிறம் திருத்தி முகநூலில் போட்டான். குழுவில் எல்லாரையும் விட அவனுக்குத்தான் லைக் கூட.

சண்டை அந்தப் படத்தில் தொடங்கினது.

எங்களோட படிக்கிற மலையகப் பிள்ளை ஒருத்தி குழுவில் எழுதினா: "இவ்வளவு தண்ணி எங்க இருந்து வந்துச்சு? நீங்க போன அன்னைக்கு அவ்வளவு இல்லையே." அவ சொன்னது சரி. கமராவைக் கனநேரம் திறந்து வைச்சால், பிரிஞ்சு பிரிஞ்சு மெல்லிசாய் விழுற தாரைகள் எல்லாம் ஒண்டோட ஒண்டு கலந்து இடைவெளியை நிரப்பும். கொஞ்சத் தண்ணி நிறையத் தண்ணியாய்த் தெரியும். பட்டு உத்தியின் வடிவே அதில்தான் இருக்கு. வேற எங்கேயும் எண்டால் அது பெரிய குற்றம் இல்லை. சென்கிளயரில் அது ஒரு செய்தியையே மறைக்குது.

சென்கிளயர் 80 மீற்றர் உயரம். அகலத்துக்குப் பேர்போனது, இலங்கையின் சின்ன நயாகரா எண்டு சொல்லுவினம். கொத்மலை ஓயாவில் விழுகுது. அந்த ஆற்றைத்தான் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் அணை கட்டி மறிச்சு, ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள்ளால திருப்பி நிலத்தடி மின்நிலையத்துக்குக் கொண்டுபோகினம். ஜப்பான் கடனில் கட்டினது, 2012இல் இயங்கத் தொடங்கினது, 150 மெகாவாட். பல நூறு குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. நீர்வீழ்ச்சிகளைக் காப்பாற்றச் சொல்லி மலையகத்திலும் வெளியிலும் பெரிய எதிர்ப்பு நடந்தது. கடைசியில் கிடைச்சது ஒரு சமரசம்: பார்க்க வாற ஆக்களுக்காகப் பகலில் மட்டும், அளந்து, தண்ணி விடப்படும்.

இப்ப அந்தப் பாடத்துக்குத் திரும்பிப் போங்கோ. விடியமுன்னம் போ, பொழுதுபட்ட பிறகு நில். சென்கிளயரில் நல்ல வெளிச்சம் இருக்கிற நேரம் தண்ணியை நம்பேலாது. தண்ணி இருக்கிற நேரம் வெளிச்சம் பொல்லாதது. நாங்கள் பதினொண்டரைக்குப் போய்ச் சேர்ந்தது எங்கட பிழை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தோம். அந்த நீர்வீழ்ச்சிக்கே இப்ப வாழ்க்கை பகல் வெயிலில்தான். பொல்லாத வெயில்தான் அதின்ர உண்மையான வெளிச்சம்.

அந்த வெயிலில் ஷட்டரை 1/1000க்கு வைச்சு எடுத்த படம் ஒண்டு எங்களிட்ட இருக்கு. ஆரும் லைக் போடாத படம். ஒவ்வொரு தாரையும் தனித்தனியாய்த் தெரியுது. தாரைகளுக்கு நடுவில் எவ்வளவு பாறை காய்ஞ்சு கிடக்குது எண்டும் தெரியுது. ஒரு காலத்தில் அந்த அகலம் முழுக்கத் தண்ணி விழுந்த இடம். அணையைப் பற்றி ஒரு வரி எழுதாமலே அணை அந்தப் படத்தில் இருக்கு.

அடுத்த விசயம் இதை விடச் சங்கடமானது.

நாங்கள் படம் எடுத்துக்கொண்டு இருக்கேக்க, வீதியோரத்தால் ஒரு அம்மா தலையில் பட்டியைப் போட்டு முதுகில் சாக்கோட நடந்து வந்தா. எங்களில் ஒருவர், "அம்மா, கொஞ்சம் விலகி நில்லுங்கோ, படம் ஒண்டு எடுக்கப்போறம்" எண்டு சொன்னோம். ஆர் சொன்னது எண்டு எழுத வேண்டாம் எண்டு முடிவு செய்தோம், ஏனெண்டால் மற்ற எல்லாரும் பேசாமல் நிண்டனாங்கள். அவ விலகி நிண்டா. கோவிக்கேல்லை. நாங்கள் முடிக்கும் வரைக்கும் சாக்கோட நிண்டுபோட்டு, "யாழ்ப்பாணமா தம்பி? இந்தத் தண்ணியப் பாக்கவா அவ்வளவு தூரம் வந்தீங்க? நாங்க சின்னப் புள்ளையா இருக்கையில ராத்திரியில இதோட சத்தம் லயத்துக்குக் கேக்கும். இப்ப ராத்திரியில ஒண்ணுங் கேக்காது" எண்டு சொல்லிப்போட்டுப் போனா.

அவவின்ர வீதி. அவவின்ர தண்ணி. நாங்கள் விலகச் சொன்னோம்.

வீட்டை வந்து படங்களைப் பார்த்தால், மலையகத்தில் எடுத்த நானூறில் மனிசர் இருக்கிற படங்கள் இரண்டு வகை. ஒண்டு, நாங்கள் நிண்டு எடுத்தது. மற்றது, தூரத்தில் நிறநிறமாய்ப் புள்ளி மாதிரிக் கொழுந்து பறிக்கிற பெண்கள். முதலாவதில் எங்களுக்குப் பேர் இருக்கு, டாக் பண்ணியிருக்கிறம். இரண்டாவதில் ஒருத்தருக்கும் பேர் இல்லை, கேட்டு எடுத்ததும் இல்லை. லயன் அறைகள் ஒரு படத்திலும் இல்லை. டெவோன் நீர்வீழ்ச்சிப் படத்தில் ஓரத்தில் ஒரு தகரக் கூரை விழுந்திருந்தது, அதையும் வெட்டி எடுத்துப் போட்டம். வடிவில்லை எண்டு.

இது எங்களோட தொடங்கினது இல்லை. புகைப்பட வரலாற்றில் பெரிய பேர் ஜூலியா மார்கரெட் கமரோன். இங்கிலாந்தில் கவிஞர்களையும் விஞ்ஞானிகளையும் படம் எடுத்துப் பேர் வாங்கினவ. 1875இல் குடும்பத்தோட இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்தா. அவவின்ர கல்லறை பொகவந்தலாவையில் இருக்கு. நாங்கள் போன இடத்துக்கு வெகு தூரம் இல்லை. இலங்கையில் அவ எடுத்ததில் கொஞ்சப் படங்கள்தான் மிஞ்சியிருக்கு, அதில் தோட்டங்களில் வேலை செய்த ஆக்களும் இருக்கினம். இங்கிலாந்தில் எடுத்த பெரிய மனிசருக்குப் பேரோட தலைப்பு. இங்க எடுத்த பலருக்குப் பேரே இல்லை. நூற்றைம்பது வருசத்துக்குப் பிறகு, அதே மலையில், எங்கட ஃபோனிலும் அதுதான் நடந்திருக்கு. அவ வெள்ளைக்காரி, தோட்டமுதலாளி குடும்பம் எண்டு சொல்லித் தப்பலாம். நாங்கள் ஆர்? அதே மொழி பேசுற ஆக்கள்.

அதே மொழி எண்டு சொல்லுறதும் எங்களுக்கு லேசு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரின் பெரும்பகுதி நாடற்றவர் ஆனபோது வடக்குத் தலைமைகள் ஒரே குரலில் நிக்கேல்லை. அந்த முரண்பாட்டுக்குப் பிறகுதான் 1949இல் தமிழரசுக் கட்சியே பிறந்தது. 2023இல், மலையக மக்கள் இங்க வந்து 200 வருசம் எண்டதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஆக்கள் நடந்து போனவை. எங்கட மட்டத்தில் எத்தினை பேருக்கு அது தெரியும்? எங்களில் பலருக்கு இந்தச் சண்டைக்குப் பிறகுதான் தெரியும். மலையகம் எண்டால் எங்கட தலைக்குள்ள இருந்தது அந்தச் சலூன் கலண்டர்தான்.

எங்களுக்கு இது விளங்காமல் போக நியாயமே இல்லை. சின்ன வயசில் நாங்களும் பின்னணியாய் நிண்டிருக்கிறம். போர் முடிஞ்சு ஏ9 வீதி திறந்த பிறகு தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாய் ஆக்கள் வந்தவை. கோயிலைப் பார்த்தினம், கடலைப் பார்த்தினம், இடிஞ்ச வீடுகளுக்கு முன்னால நிண்டு படம் எடுத்தினம். இரண்டு விரலைக் காட்டிச் சிரிச்சும் எடுத்தினம். எங்களுக்கு அப்ப ஏழெட்டு வயசு. வேலிக்குப் பின்னால நிண்டு பார்த்தது ஞாபகம் இருக்கு. அவை கெட்ட ஆக்கள் இல்லை, பிஸ்கட்டும் தந்தவை. ஆனால் அது ஒரு வீடு, அதில் ஆக்கள் இருந்தவை எண்ட எண்ணம் அவையின்ர படத்துக்குள்ள வரேல்லை. சென்கிளயரில் நாங்கள் அந்த பஸ்ஸில் வந்த ஆக்கள்.

குழுவில் இதை எதிர்த்தவையின் பேச்சையும் எழுதவேணும், அதில் நியாயம் இருக்கு. ஒருவன் கேட்டான்: "ஒரு வடிவான படம் எடுக்கிறதுக்கு வரலாற்றுச் சோதனை பாஸ் பண்ணவேணுமோ? வருசம் முழுக்க விரிவுரை, சோதனை, வீட்டுக் கஷ்டம். இரண்டு நாள் சந்தோசமாய் இருக்கப் போனது. கொழுந்து பறிக்கிறவையைக் கிட்டப் போய் எடுத்தால் 'வறுமையைக் காட்டி லைக் வாங்குறாய்' எண்டு நீங்கள்தான் சொல்லுவியள். எடுக்காட்டி 'மறைச்சுப்போட்டாய்' எண்டும் நீங்கள்தான் சொல்லுவியள்."

அவன் சொன்ன இரண்டாவது பகுதி உண்மையில் கஷ்டமான கேள்வி. உழைக்கிற ஆளைக் கேளாமல் கிட்டப் போய் முகத்தை எடுக்கிறதும், தூரத்தில் நிறப்புள்ளியாய் எடுக்கிறதும், வெட்டி எறியிறதும் மூண்டும் ஒரே பிழையின் மூண்டு வடிவம். மூண்டிலும் கதை இல்லை. அந்த அம்மா எங்களோட கதைச்சா. நாங்கள் அவவோட கதைக்கேல்லை. "படம் எடுக்கலாமோ அம்மா" எண்டு கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பா, இல்லாட்டி வேண்டாம் எண்டிருப்பா. இரண்டும் எங்களுக்கு நல்ல பதில்தான். நாங்கள் கேட்டது ஒண்டே ஒண்டு: விலகுங்கோ.

முதல் பகுதிக்கு எங்கட பதில்: சந்தோசமாய் இருக்கலாம், வடிவாய் எடுக்கலாம். தண்ணி விழுறதைப் பார்த்து வாயைப் பிளக்கிற உரிமை பருத்தித்துறைப் பிள்ளைக்கு எல்லாரையும் விடக் கூட இருக்கு. டெவோனில் ஒரு முகில் வந்து மூடின இரண்டு நிமிசம் எங்களால் மறக்க ஏலாது. வெயிலின் கடுமை இறங்கி, பாறையின் நிறமும் நுரையின் மடிப்பும் ஒண்டாய்த் தெரிஞ்சது. 97 மீற்றர் தண்ணி. எல்லாரும் கமராவை விட்டுட்டுப் பார்த்தோம். பட்டுப்படமும் எடுங்கோ. ஆனால் ஒரு படத்தைப் போட்டு "சென்கிளயர்" எண்டு பேர் எழுதினால், அது இண்டைக்கு இருக்கிற சென்கிளயர் எண்டுதான் பார்க்கிறவை நம்புவினம். அந்த நம்பிக்கைக்குக் கொஞ்சம் பொறுப்பு இருக்கவேணும்.

இன்னொண்டு. சென்கிளயரில் விழாமல் சுரங்கத்துக்குள்ளால போற தண்ணி மின்சாரமாய்த் தேசிய மின்வலையமைப்புக்குள்ள போகுது. யாழ்ப்பாணமும் அதோட இணைஞ்சுதான் இருக்கு. நாங்கள் அந்தப் படங்களைப் பார்த்துச் சண்டை பிடிச்ச ஃபோனை எங்க சார்ஜ் போட்டனாங்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மின்சாரம் வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. இரவில் வெளிச்சம் இல்லாமல் படிச்ச தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள், அதின்ர பெறுமதி தெரியும். அந்த வெளிச்சத்துக்காக ஆரோ ஒருத்தரின் இரவுச் சத்தம் நிண்டுபோனது எண்டதையும் தெரிஞ்சு வைச்சிருக்கலாம் எண்டுதான் சொல்லுறம்.

அடுத்த வருசம் தம்பி தங்கச்சியவையின் மட்டம் போகப்போகுது. அவைக்கு நாங்கள் சொல்லுறது இவ்வளவும்தான். வெயிலைப் பார்த்துப் பயப்படாதேங்கோ. தண்ணிக்கு அளவெடுங்கோ, பாறை இருட்டினால் இருட்டட்டும். ஃபோனில் எச்டிஆரை நிப்பாட்டிப்போட்டு ஒண்டு எடுங்கோ. ஷட்டரைக் கூட்டி ஒரு படம், குறைச்சு ஒரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைச்சுப் போடுங்கோ. முகில் வந்தால் காத்திருங்கோ, வராட்டிக் காத்திராதேங்கோ. சாரல் லென்சில் படும், பழைய பருத்தித் துணி ஒண்டு கொண்டு போங்கோ. தகரக் கூரையை வெட்டாதேங்கோ. ஆரும் சட்டத்துக்குள்ள நடந்து வந்தால் அவை தங்கட வீதியில் நடக்கினம், நீங்கள்தான் விருந்தாளி. கேளுங்கோ. பேரையும் கேளுங்கோ, எழுதலாமோ எண்டும் கேளுங்கோ.

எங்களிட்ட இருக்கிற படங்களில் ஒண்டில், வலது ஓரத்தில், சாக்கின் ஒரு பகுதியும் ஒரு தோளும் விழுந்திருக்கு. அவ விலகி முடியமுன்னம் ஆரோ அவசரப்பட்டு அமத்தினது. முகம் இல்லை. வெளிச்சம் மட்டும் அந்தப் படத்தில் சரியாய் விழுந்திருக்கு. முன்னால இருந்த சாக்கின் வெளிர் நிறத்தைப் பார்த்துக் கமரா தானாகவே அளவைக் குறைச்சிருக்கும் எண்டு நினைக்கிறம். நானூறில் தண்ணியின் நுரை ஒழுங்காய்த் தெரியிற படங்களில் அது ஒண்டு. அதை இந்தக் கட்டுரையோட போடுவமோ எண்டு கதைச்சோம். அவவிட்ட நாங்கள் கேட்கேல்லை. அதனால போடேல்லை.